பெரிய டிரம் நிற்கும் இடம்

காலையில் எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். பாலை அடுப்பில் வைத்தான். முட்டையை வேகப் போட்டான். ரொட்டியில் வெண்ணெய் தடவினான். மகளின் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்கினான். குளியலறைக் கதவைத் தட்டி, நேரமாகிறது என்றான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் இதையெல்லாம் செய்துவிடுவான். மனைவி போன இந்த இரண்டு வருடமாக அநேகமாகத் தூக்கத்தில்தான் செய்துகொண்டிருந்தான்.

மகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கையில் ரொட்டி. இன்னொரு கையின் இரண்டு விரல்கள் கழுத்தோரத்தில்.

"அப்பா, இன்னைக்குக் காதுல கேக்குது."

"எது?"

"இதயம்தான். நேத்து கழுத்துல இருந்துச்சு. இன்னைக்கு மேல ஏறிடுச்சு. நாளைக்கு மண்டைக்கே போயிடும் பாருங்க."

"முட்டையச் சாப்பிடு."

"வயித்துல ஒரு மாதிரி இருக்கு. பசியா பயமான்னு தெரியல. இடது கண்ணு துடிக்குது. முட்டி ரெண்டும் வலிக்குது, ஆனா அது வேற டிபார்ட்மெண்ட்."

வானிலை அறிக்கை மாதிரி இது தினமும் வரும். தலையில் தொடங்கிக் காலில் முடியும். அவன் கேட்டுக்கொண்டே அவளுடைய சாப்பாட்டு டப்பாவை மூடுவான்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். பள்ளிப் பாவாடையின் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து, இனி அவிழ்க்கத் துணி இல்லை. மாத விலக்கும் வந்துவிட்டது. அந்த விஷயத்தை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் சித்தி, அதாவது மனைவியின் தங்கை, அவன் கடையில் இருந்தபோதே வந்து கவனித்துவிட்டாள். அன்று போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அத்தான், வர்றப்ப ஒரு வெந்நீர்ப் பை வாங்கிட்டு வாங்க. மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேக்காதீங்க." அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு பை வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் மகளின் காது உள்பக்கமாகத் திரும்பியது. இதயம் அடிப்பது, வயிறு உருளுவது, எச்சில் இறங்குவது, எதுவும் தப்பாது. அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனது இதயம்தான். ஆகவே மற்ற சத்தங்களைவிட அந்த ஒரு சத்தத்தின் மீது அவளுக்குக் கண்.

டாக்டரம்மாவிடம் காட்டியாகிவிட்டது. நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். திரையில் படமாகவும் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாதவர்.

"உங்கம்மாவுக்கு இருந்தது பிறவிக் கோளாறு. உனக்கு அது இல்ல. நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"அப்ப ஏன் டாக்டர் இவ்ளோ சத்தமாக் கேக்குது?"

"உடம்பு வளருது. மாடி வீட்டுக்குப் புதுசா ஆளுங்க குடிவந்த மாதிரி. கட்டிலை நகத்துவாங்க, பீரோவை இழுப்பாங்க. கீழ இருக்கற உனக்குக் கேக்கத்தான் செய்யும். ஒவ்வொரு சத்தத்துக்கும் படியேறிப் போய் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு'ன்னு கேட்டா அவங்க எப்பத்தான் வேலைய முடிப்பாங்க?"

மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"அம்மாகிட்டயும் முதல்ல ஒண்ணும் இல்லைன்னுதானப்பா சொன்னாங்க."

உண்மைதான். அவன் பயணச்சீட்டை நான்காக மடித்தான். இறங்கும் வரை மடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது பிரச்சினை வேறு இடத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டு விழா. அணிவகுப்பின் முன்னால் பேண்டு போகும். பேண்டின் நடுவில் பெரிய டிரம். அதை அடிப்பவள் இவள். அதனாலேயே பள்ளியில் இவளுக்குப் பெயர் 'இடி'. போன வருடம் முழுக்க எதிர்பார்த்துக் கைக்கு வந்த குச்சி. இந்த வருடம் அதை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பதிலில் பாதியைக் கொண்டுவந்தவர் பேண்டு மாஸ்டர்.

அவன் வைத்திருப்பது கண்ணாடிக் கடை. ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குக் குறுகல். சுவர் முழுக்கப் பிரேம்கள். பின்னால் திரை போட்ட சின்ன அறையில் கண் பார்க்கும் நாற்காலி, எதிரே எழுத்துப் பலகை. திங்கட்கிழமை மதியம் மாஸ்டர் உள்ளே வந்தார். காதில் மாட்டும் கம்பி ஒரு பக்கம் உடைந்து, கண்ணாடி மூக்கில் கோணலாகத் தொங்கியது.

"கண்ணாடிக்காரரே, இது உடைஞ்சதுக்கு உங்க பொண்ணுதான் காரணம்."

"அடிச்சுட்டாளா?"

"அடிச்சா. டிரம்ம அடிச்சா. நிறுத்தாம அடிச்சா. அதான் விஷயம்." மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடைக்கு முன்னாடி வந்ததும் நான் கையை இப்படித் தூக்கி மூடுவேன். மூடினா கப்சிப். கொடி ஏறும், பெரிய டீச்சர் பேசுவாங்க. இன்னைக்குக் காலைல ஒத்திகையில நான் மூடினேன். டிரம்பெட் நின்னுச்சு. புல்லாங்குழல் நின்னுச்சு. இவ மட்டும் டும், டும்னு போறா. பெரிய டீச்சர் மைக்குல 'அன்பார்ந்த'ன்னாங்க. டும். 'மாணவ'ன்னாங்க. டும். தடுக்கலாம்னு ஓடினேன். கால் இடறிச்சு. கண்ணாடி போச்சு."

அவன் கண்ணாடியை வாங்கித் திருகாணியைப் பார்த்தான்.

"அது மட்டும் இல்ல. நடக்கற வேகத்துலதான் ஆரம்பிச்சா. பாதி மைதானம் வர்றதுக்குள்ள வேகம் கூடிப் போச்சு. ஒண்ணாங்கிளாஸ் வாண்டுங்க ஓட ஆரம்பிச்சிருச்சு. பெரிய டீச்சர் குடையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடறாங்க. பள்ளிக்கூடமே பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி இருந்துச்சு, போங்க."

"திட்டினீங்களா?"

"எங்க திட்டறது? அவ முகத்தைப் பாத்தா திட்டத் தோணல. என் கையப் பாக்கலைங்க அவ. வேற எதையோ கேட்டு அடிக்கிறா. என்னன்னு கேளுங்க. வியாழக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா அடுத்த கிளாஸ் பொண்ணுகிட்ட குச்சியக் கொடுத்துடுவேன். அந்தப் பொண்ணு அடிச்சா யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கும். ஆனா நிறுத்தச் சொன்னா நிறுத்தும்."

வேற எதையோ என்று மாஸ்டர் சொன்னது எது என்று அவனுக்குத் தெரியும். அன்று மாலையே, தனக்குத் தெரிந்த வழியில் ஒரு காரியம் செய்தான். நாடித் துடிப்பைக் காட்டும் வாட்ச் ஒன்று வாங்கினான். எண்ணைக் கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும் என்று கணக்கு.

கணக்கு தப்பியது. எண் ஏறியதா என்று பார்ப்பாள். பார்த்ததும் ஏறும். ஏறியதால் மறுபடி பார்ப்பாள். மறுநாள் இரவுச் சாப்பாடு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சித்தி வந்தாள். வாட்சைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏன் அத்தான், பத்தவும் வச்சுட்டு ஃபயர் சர்வீசுக்கு போனும் பண்ற ஆளா நீங்க?"

"நல்லதுக்குத்தான் வாங்கினேன்."

"கழட்டுடி அத." வாட்சைப் பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். கட்டிய கையோடு, சிலிண்டர் வராததற்காக கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். எண் கிடுகிடுவென்று ஏறியது. "பாத்தியா, பாத்தியா! சண்டைல நான் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுருவேன்," என்று மகளிடம் பெருமையாகக் காட்டினாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப அப்பாவுக்குக் கட்டு சித்தி."

அவனுக்குக் கட்டினார்கள். எண் அசையவில்லை. காதருகே வந்து கத்திப் பார்த்தாள் மகள். அசையவில்லை. கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். ஊஹூம்.

"என்னப்பா இது, எப்பவும் ஒரே நம்பர்! உயிரோடதான இருக்கீங்க?"

மூவரும் சிரித்தார்கள். சித்திதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். வாட்சைக் கழற்றி, டப்பாவில் போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். எனக்குத்தான் ஆகும்," என்றாள்.

புதன்கிழமை மாலை. பள்ளி விட்டு மகள் நேராகக் கடைக்கு வந்தாள். வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் கண் பார்க்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினாள்.

"நாளைக்கு வியாழக்கிழமை," என்றான் அவன்.

"தெரியும்."

"ஏன் நிறுத்தல?"

அவள் எழுத்துப் பலகையைப் பார்த்துப் பேசினாள். மேலே இருக்கும் பெரிய எழுத்தை மட்டும்.

"டிரம் நெஞ்சு மேலதானப்பா கட்டியிருக்கும். அடிச்சா உள்ள வரைக்கும் வரும். கொஞ்ச நேரத்துல எது டிரம், எது நானுன்னு தெரியாது. அது வேகமாப் போனா இதுவும் போகும். மாஸ்டர் கையை மூடறது தெரியுது. தெரியாம இல்ல. ஆனா நான் நிறுத்தினா உள்ள இருக்கறதும் நின்னுடுமோன்னு..."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் கையில் ஒரு லென்ஸ் இருந்தது. துடைத்தான். அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்லலாம். அவனிடமும் மருத்துவமனை வராந்தாவில் அப்படித்தான் சொன்னார்கள். அவன் மறுபடியும் துடைத்தான். லென்ஸ் இதற்கு முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

நல்லவேளையாக வாசலில் ஆள் வந்தது. பேருந்து ஓட்டும் ஒரு பெண். இரவில் எதிர் விளக்குக் கூசுகிறது என்றாள். மகள் இறங்கி நாற்காலியை விட்டுக்கொடுத்து மூலையில் நின்றாள். அவன் அந்தப் பெண்ணின் மூக்கில் கனமான சோதனைப் பிரேமை மாட்டினான். ஒரு வில்லையைப் போட்டான். எடுத்தான். வேறொன்றைப் போட்டான்.

"இது தெளிவா, முதல்ல போட்டது தெளிவா?"

"முதல்ல போட்டது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"இது... இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி. இது?"

பேருந்துக்காரப் பெண் பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனாள். மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க யாரையும் 'நல்லாத் தெரியுதா'ன்னு கேக்கறதே இல்லையாப்பா?"

"அப்படிக் கேட்டா என்ன பதில் வரும்? எதைவிட நல்லான்னு அவங்களுக்குத் தெரியணுமே."

அவன் வில்லைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். அவள் அந்தப் பெட்டியை மூடினாள்.

"உக்காருங்க."

"எங்க?"

"நாற்காலில. இன்னைக்கு நான் கடைக்காரி. நீங்க கஸ்டமர்."

உட்கார்ந்தான். வேண்டுமென்றே அந்தக் கனமான பிரேமை அவன் மூக்கில் மாட்டினாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் கையை எடுத்து அவன் கழுத்தில் வைத்தாள்.

"மணிக்கட்டுல அதிகமாத் துடிக்குதா, கழுத்துலயா?"

"தெரியல."

"தெரியலைங்கற பதிலே கிடையாது இங்க. இதுவா, அதுவா?"

அவன் யோசித்தான். இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஷட்டர் இறக்கிய கடைக்கு முன்னால் நிற்பது போலிருந்தது.

"சுத்தம்," என்றாள். "எழுந்திரிங்க. ஏணில ஏறுங்க."

மேல் தட்டுப் பிரேம்களை எடுக்கும் ஏணி. ஏறினான். இறங்கினான். "இன்னொரு வாட்டி." மூக்கில் சோதனைப் பிரேமோடு ஏறி ஏறி இறங்கினான். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று நடந்தார்.

"இப்ப? ஏணிக்கு முன்னாடியா, பின்னாடியா, எது அதிகம்?"

"பின்னாடி." மூச்சு வாங்கியது. "கழுத்துல."

"குட். உக்காருங்க. அடங்கட்டும்." காத்திருந்தாள். "அடங்குதா?"

"அடங்குது."

"இப்ப கண்ணை மூடுங்க. சனிக்கிழமை. நான் மைதானத்துல நிக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க. மாஸ்டர் கையை மூடறாரு. எல்லாம் நின்னுடுச்சு. நான் மட்டும் அடிக்கிறேன். யாரோ சிரிக்கறாங்க. எனக்கு நிறுத்த முடியல."

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மைதானத்தின் நடுவில் அவள் தனியாக நின்றாள். மடிப்பு இல்லாத பாவாடை. பெரிய டிரம்முக்குப் பின்னால் முகம் பாதிதான் தெரிந்தது. உள்ளே எங்கோ ஏதோ புரண்டது. பிறகு தட்டியது. பிறகு விடாமல் தட்டியது.

"காது," என்றான். "காதுல கேக்குது."

"காதுலயா!" வெளியூரில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்துவிட்டவள் மாதிரி அவள் குதித்தாள். "எனக்கும் அங்கதான்! எந்தக் காது?"

"ரெண்டுலயும்."

"ஏணி ஏறினப்ப அதிகமா, இப்பவா?"

"இப்ப."

"சும்மா உக்காந்திருக்கீங்களேப்பா!"

"ஆமா."

"உள்ளங்கை வேற ஈரமா இருக்கு. காது செவந்திருச்சு. இது பயம்." கையைப் பிடித்துப் பார்த்து, தேர்ந்த மருத்துவரைப் போலச் சொன்னாள். "எனக்குத் தெரியும். எனக்கு எல்லாம் அத்துப்படி. உங்களுக்குப் பயமா இருக்குப்பா."

"இருக்கு போல."

"செத்துப் போயிடுவீங்களா?"

"இல்ல போல."

"போலவா?"

"இல்ல."

அவள் அவன் மணிக்கட்டை விடவில்லை. தட்டுவது மெல்ல மெல்லத் தணிந்தது. தணிவதை அவள் விரலால் பார்த்தாள். அவன் உள்ளே இருந்து பார்த்தான். கடைசியில் அவள் பிரேமைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, ஏணியில் ஏறினாள். இறங்கினாள். தன் கழுத்தில் விரல் வைத்தாள். "பின்னாடி," என்றாள் தனக்குள். அவனை எழுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து ஒரு சுற்று சுற்றினாள். "ம். இப்ப முன்னாடி மாதிரி."

அன்று வீட்டுக்குப் போகும்போது அவனுக்குப் பசித்தது. வழியில் நின்று ஒரு பெரிய ரொட்டி வாங்கி, இருவரும் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தார்கள்.

வியாழக்கிழமை அவளே மாஸ்டரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அடிக்கிறேன்னு சொல்லிட்டேன்பா."

"நல்லது."

"நிறுத்தறேன்னு சொல்லல."

சனிக்கிழமை மைதானத்தில் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சு போட்டிருந்தார்கள். சித்தி வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க நம்ம இடி?" என்று எட்டிப் பார்த்தாள்.

பேண்டு வந்தது. முதலில் டிரம்பெட்டுகள். நடுவில் டிரம். டும், டும் என்று நிதானமாக வந்தது. பின்னால் ஒன்றாங்கிளாஸ் வாண்டுகள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். மைதானத்தின் பாதியில் டிரம் லேசாக முந்தியது. வாண்டுகளில் இரண்டு பேர் குதித்தார்கள். பெரிய டீச்சர் மேடையிலிருந்தே குடையை இறுகப் பிடித்தார்.

"ஐயோ, கிளம்பிட்டா," என்றாள் சித்தி.

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மகள் அவர் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். டிரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, நடக்கும் வேகத்துக்கு வந்தது. குதித்த வாண்டுகள் ஏமாந்து நடந்தார்கள்.

மேடைக்கு முன்னால் பேண்டு நின்றது. மாஸ்டர் கையைத் தூக்கினார். மூடினார்.

டிரம்பெட் நின்றது. புல்லாங்குழல் நின்றது.

மகளின் குச்சி மேலே இருந்தது. மேலேயே இருந்தது. அவனுக்கு இரண்டு காதிலும் கேட்டது. தகரக் கூரைக்கே கேட்கும் போலிருந்தது. சித்தி கடலையை மெல்வதை நிறுத்தினாள்.

குச்சி கீழே வந்தது. டிரம்மைத் தொடாமல், அவள் பக்கவாட்டில், பாவாடையோடு சேர்ந்து நின்றது.

மைதானம் கப்சிப். கொடிக்கயிறு கம்பத்தில் உரசுவது மட்டும் கேட்டது. மகள் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவள் போல.

பெரிய டீச்சர் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த" என்றார். பழக்க தோஷத்தில் ஒரு கணம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. முகம் மலர்ந்து, "மாணவ மாணவிகளே!" என்று ஒரே மூச்சில் முடித்தார்.

"அத்தான், என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றாள் சித்தி.

"படபடன்னு வருது."

சித்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பாடா," என்றாள். பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

விழா முடிந்ததும் மாஸ்டர் தேடிக்கொண்டு வந்து அவன் கையைக் குலுக்கினார். "நிறுத்திட்டா உங்க பொண்ணு! என்னா நிறுத்து! அடிச்சதவிட நிறுத்தினதுதான் ஜோர்," என்றார். மகள் வியர்வையோடு வந்து, ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மடக்கில் குடித்தாள். மீதிக் கடலையைத் தின்றாள். வலது தோள் வலிக்கிறது, அது டிரம் வார் அழுத்தியதால், கவலைப்பட ஒன்றும் இல்லை என்று அவளே அறிவித்தாள். ஓட்டப் பந்தயத்தில் யார் விழுந்தார்கள், யார் அழுதார்கள் என்று பேருந்து நிறுத்தம் வரை வாய் ஓயவில்லை. பேருந்தில் இடம் கிடைத்ததும் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. வீட்டு நிறுத்தம் வரும் வரை எழுந்திருக்கவில்லை. தூங்கிப்போவதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டே அவள் கடைசியாகச் சொன்னது:

"நான் நிறுத்தினேன்லப்பா, அப்பத்தான் கவனிச்சேன். அது நிறுத்தவே இல்ல. அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல."